தோளைச் சமன் செய்தவள்

அவள் யாருடைய முகத்தையும் நின்று பார்த்து நான் கண்டதில்லை. பேசும்போதுகூடக் கண் கழுத்துக்குக் கீழேதான் இருக்கும். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அவளுக்குப் பொழுது போவதே தெரியாது. "அந்த நீலச் சட்டைய பாருடி, வலது தோள் இறங்கியிருக்கு. ரொம்ப நாளா அந்தப் பக்கமே எதையோ தூக்குறான்" என்பாள். "அந்தம்மா போட்டிருக்கிற பிளவுஸ் அவங்க தங்கச்சியோடதா இருக்கும். கையில ரத்தம் ஓடுதான்னு கேக்கணும் போல இருக்கு" என்பாள். ஒரு நாள் அவளுடைய சொந்தச் சித்தப்பா எங்கள் தையல்கடைக்கு வந்து, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். "எங்க சித்தப்பா முதுகு மாதிரியே இருக்கே" என்றாள். அவர் திரும்பியதும், "வாங்க சித்தப்பா, கூன் விழ ஆரம்பிச்சிருச்சே" என்றுதான் வரவேற்றாள். மனிதர் காப்பி குடித்து முடிக்கும் வரை விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார்.

பெயர் வேண்டாம். சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மாதா கோயில் தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல், மாடியில், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடை வைத்திருந்தோம். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவள் சென்னைக்குப் போய் ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு வந்தாள். நான் ஊரிலேயே இருந்து தையல் கற்றுக்கொண்டேன். முன்னறையில் அவள் வரைவாள், பின்னறையில் நான் வெட்டித் தைப்பேன். வருகிறவர்கள் அவளை மேடம் என்பார்கள், என்னை அக்கா என்பார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டால் கடுப்பு போய்விடும். அப்படி ஒரு கை.

டிசைனர்கள் வரையும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கால் நீண்டு, கழுத்து நீண்டு, இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி ஒரு பெண் நிற்பாள். சாக்கைப் போட்டுவிட்டாலும் அவளுக்கு அழகாகத்தான் இருக்கும். அந்தப் படங்களைக் கண்டாலே இவளுக்கு ஆகாது. ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் மாணவிகள் வரைந்த படங்களைப் பார்த்துப் பரிசு கொடுக்க இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். முதல் படத்தைக் கையில் எடுத்ததுமே, "இந்தப் பொண்ணுக்கு எந்த ஊரு? வயல்ல நிக்கிற கொக்கா?" என்றாள். கூடமே சிரித்தது. வரைந்த பெண்ணும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். அவளை முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்து, கரும்பலகையில் சாக்பீஸால் அவள் உருவத்தையே வரைந்தாள். குட்டைக் கால், உருண்ட தோள், கொஞ்சம் முன்னால் தள்ளிய வயிறு. "இவளுக்கு ஒரு சுடிதார் வரைங்க பாப்போம். அப்புறம் கொக்குக்கு வரையலாம்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பரிசும் யாருக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில், "நல்லா வரையிற பொண்ணுடி அது. கை நடுங்கவே இல்ல, கோடு அப்படியே போகுது" என்று என்னிடம் சொன்னாள். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம்.

அவள் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். யார் வந்தாலும் முதலில் ஜன்னலோரம் நிற்க வைப்பாள். பழுப்புத் தாளில் பென்சிலால் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று உடம்பை இருக்கிறபடியே வரைவாள். சதை எங்கே மடிகிறது, எந்தத் தோள் ஏறியிருக்கிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைப் படம் பிடித்து, திரையிலேயே வரைகிற டேப்லெட்டில், நாங்கள் டேப் என்போம், அதில் ஏற்றுவாள். அதுதான் முதல் லேயர், அடி அடுக்கு. அதன் மேல்தான் துணி, ஜரிகை, கல், நிழல் எல்லாம் பேனாவால் ஏறும். மேலே ஏற ஏற அடியில் இருக்கிற உடம்பு மறைந்துகொண்டே வந்து, கடைசியில் அங்கே வேறொருத்தி நிற்பாள். "பென்சில் பொய் சொல்லாது. டேப் பொய்யை அழகா சொல்லும். ரெண்டும் வேணும்டி நமக்கு" என்பாள். முடிந்ததைச் சரியான அளவில் அச்செடுத்து, கோடுகளின் மேல் ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்குவோம். கொக்கி ஊசியால் பூவேலை செய்யும் ஆரி வேலைக்காரர்கள் அந்தப் புள்ளிகளின் மேல் தைத்துக்கொண்டு போவார்கள்.

வாடிக்கையாளர்களுக்குக் காட்டும்போது முதல் லேயரை மூடி வைத்துக் காட்டலாம். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டாள். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு அம்மாள் கையில்லாத ரவிக்கை கேட்டு வந்தார். கை கொஞ்சம் கனத்த கை. இவள் வரைந்து முடித்து, டேப்பை அவரிடம் கொடுக்காமல் பெஞ்சில் காத்திருந்த எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள். "கையில்லாம போட்டா இப்படித் தெரியும். நான் சொல்ற மாதிரி போட்டா இப்படித் தெரியும். எது வேணும்?" என்றாள். அந்த அம்மாள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. முழங்கை வரை வலைத்துணி வைத்த ரவிக்கைதான் கடைசியில் தைத்தோம். அவருக்குப் பொருத்தமாக அதைவிட ஒன்று அமைந்திருக்காது. அதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கேட்டதும் அவள் உடம்பிலேயே ஏதாவது கோளாறு இருந்திருக்கும், அந்த வயிற்றெரிச்சலில்தான் மற்றவர்களைக் குத்தினாள் என்று நினைக்கத் தோன்றும். ஒன்றும் கிடையாது. கடையில் தைத்ததிலேயே திருத்தம் வேண்டாத உடம்பு அவளுடையதுதான். புருஷன் தங்கமான ஆள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பின் ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நல்லதும் செய்தாள். கோவில்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஆபீசுக்கு வரும் ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். புற்றுநோய் வந்து ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து புடவையே கட்டாமல், தொளதொள குர்த்தாவும் மேலே ஒரு சால்வையுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள், அதற்குப் புடவை கட்ட வேண்டும் என்று ஆசை. இவள் கடைக்கதவைச் சாத்தச் சொன்னாள். பெஞ்சில் ஒருத்தரையும் விடவில்லை. பஞ்சு வைத்துப் பார்த்து, "பஞ்சு போதாதுடி, கனம் வேணும். இல்லன்னா அந்தப் பக்கம் பிளவுஸ் மேல ஏறிரும்" என்று சொல்லி, மெல்லிய துணிப் பையில் கேழ்வரகை நிரப்பிப் பஞ்சுக்குள் வைக்கச் சொன்னாள். தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து, என் விரலெல்லாம் ஊசிக் குத்து. கடைசி நாள் அந்தப் பெண் கண்ணாடி முன் நின்றாள். இத்தனை நாளும் மார்புக்குக் குறுக்கே வைத்திருந்த கையைத் தன்னை அறியாமல் கீழே இறக்கினாள். நான் பின்னறைக்குப் போய் மூக்கைச் சிந்தினேன். இவள் அவளுக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அவள் போன பிறகு இவள் முகம் தொங்கிவிட்டது. என்ன என்று கேட்டேன்.

"நான் இவ்வளவு பண்ணியிருக்கேன், எவளுக்காச்சும் தெரியுமா? சடங்குல பாத்தா ஏதோ புடவை கட்டியிருக்கான்னு போயிருவாங்க. ஒருத்தருக்கும் தெரியாம இருந்தாத்தான் வேலை நல்லாருக்குன்னு அர்த்தம். என்ன பொழப்புடி இது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமே" என்றேன்.

"அவ வெளியில சொல்லுவாளா?"

அந்த ஏக்கம் அவளைப் பிடித்து ஆட்டியது. எங்கேயாவது கல்யாணத்துக்குப் போனால், எங்கள் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கும் பெண்ணைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு அம்மாளிடம், "அந்தப் பொண்ணுக்குக் கழுத்தே கிடையாது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் தொடையில் கிள்ளி எழுப்பிக்கொண்டு வருவேன்.

அப்புறம்தான் டேப்பில் அந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தாள். வரைகிற ஒவ்வொரு கோட்டையும் அது தானாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஓரத்தில் ஓரிடத்தில் தொட்டால் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கல் வரை விறுவிறுவென்று ஓட்டிக் காட்டும். அழித்த கோடும் வரும், மறைத்த உடம்பும் வரும். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதாண்டி நான் பண்றது. முடிஞ்சதை மட்டும் பாத்தா ஒரு மண்ணும் புரியாது. ஆரம்பத்தைக் காட்டணும்" என்றாள். இணையத்தில் கடைக்காக வைத்திருந்த தன் பேஜில் அவற்றை வீடியோவாக ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். கழுத்துக்கு மேல் வரைவதில்லை என்பதால் முகம் இருக்காது, பேரும் போட மாட்டாள். கனத்த கை, குட்டைக் கழுத்து, பிதுங்கும் முதுகு. இதெல்லாம் ஊரில் யாருக்குத்தான் இல்லை? யாரும் இது நான்தான் என்று சண்டைக்கு வரவில்லை. அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து, கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தது அப்போதுதான். அந்த அம்மாள் கரையில் மீனை ஏலம் எடுத்து வெளியூருக்கு ஏற்றிவிடுகிறவர். மாடிப்படி ஏறும்போதே குரல் முன்னால் வந்துவிடும். அன்றைக்குக் குரலே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, மகளின் துப்பட்டாவை மெல்ல எடுத்தார். பள்ளிக்கூடம் படிக்கும்போதே முதுகெலும்பு வளைய ஆரம்பித்திருக்கிறது. இடது தோள் நன்றாக இறங்கி, வலது பக்கம் தோள்பட்டை எலும்பு வெளியே தள்ளியிருந்தது. பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாப்ளைக்குத் தெரியும்மா" என்றார் அந்த அம்மாள். "எங்க புள்ளயே போன்ல சொல்லிருச்சு. வீடியோ கால்ல காட்டிருக்கு. அதெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னுட்டாரு. கப்பல்ல வேல பாக்குற புள்ள, நல்ல புள்ள. அவங்க அம்மாதான் ஒரு மாதிரி. பொண்ணு பாக்க வந்தப்ப சேலைய இழுத்துப் போத்தி உக்கார வச்சிட்டோம். தாலி ஏர்ற வரைக்கும் அவங்க கண்ணுல படாம இருந்தாப் போதும். பொறவு எங்கம்மாவ நான் பாத்துக்குறேன்னு மாப்ளையே சொல்லிருக்காரு."

அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஒரு மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். அதுவரைக்கும் தோள் மட்டமாகத் தெரிய வேண்டும்.

இவள் அந்தப் பெண்ணை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கோயிலில் சாமிக்கு முன்னால் நிற்கும்போதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு பக்தியை நான் கண்டதில்லை. பென்சிலை எடுத்து வரைந்துகொண்டே, "எவ்வளவு அழகா வளைஞ்சு வருது" என்றாள். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னாள். அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இதப் பாத்து யாரும் அழகுன்னு சொன்னதில்லக்கா."

"அவங்களுக்கெல்லாம் கோடு பாக்கத் தெரியல" என்றாள் இவள். பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த ரவிக்கையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். இடது தோளுக்குள் மெல்லிய நுரைப்பஞ்சுத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரம் சீவி, படிப்படியாக வைத்தேன். முதுகுக் கழுத்தின் நடுவை உண்மையான நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக நகர்த்தி வரைந்திருந்தாள். பார்க்கிற கண் அதைத்தான் நடு என்று நம்பும். மயில், யானை, குத்துவிளக்கு என்று எல்லோரும் முதுகில் போடுவது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புன்னைக்கிளை ஒன்றை இறங்கிய தோளில் தொடங்கிக் குறுக்கே ஏற்றினாள். தடித்த பச்சை இலை, நடுவில் மஞ்சள் வைத்த வெள்ளைப் பூ. தள்ளிய எலும்பு இருக்குமிடத்தில் கிளை பூத்துக் குலுங்கியது. அங்கே மேடாக இருந்தால்தான் பூ நன்றாக இருக்கிறது என்று தோன்றும்படி செய்துவிட்டாள். போட்டுப் பார்த்த அன்று முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்தோம். பெண் தன் முதுகைத் தானே பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"வரைஞ்சதை என் பேஜ்ல போட்டுக்கலாமாக்கா?" என்று இவள் கேட்டாள்.

"போடுங்கம்மா, தாராளமா போடுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும் உங்க கைவேல" என்றார் அந்த அம்மாள். ரவிக்கைப் படத்தைப் போடப்போகிறாள் என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பார்?

திருநள்ளாறு ரோட்டில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. பெண்ணுக்கு ரவிக்கை மாட்டிவிட, ஊசி நூலோடு நான் போயிருந்தேன். இவளும் வந்திருந்தாள். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஒரு கண் மேடையில், ஒரு கண் போனில். மாப்பிள்ளை வாட்டசாட்டமான பையன். பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். போட்டோ எடுக்கிறவர் அவளை முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, புன்னைக்கிளையைப் படம் படமாக எடுத்துத் தள்ளினார். மேடைக்கு வந்த பெண்களெல்லாம் பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மேடைக்குப் பின்னால் திரை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

ரவிக்கை யார் தைத்தது என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போன மாப்பிள்ளையின் தங்கை இரண்டாவது வரிசையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். மேடையைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, நாற்காலி வரிசையில், சந்தனக் கிண்ணம் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் போனைப் பார்த்தார்கள், பிறகு பெண்ணின் முதுகைப் பார்த்தார்கள். என் போனில் அவளுடைய பேஜைத் திறந்தேன். பழுப்புத் தாளில் வளைந்த முதுகு, இறங்கிய தோள், தள்ளிய எலும்பு. மேலே பஞ்சு ஏறுகிறது, துணி ஏறுகிறது, கிளை ஏறுகிறது. கீழே, "இந்தத் தோளைச் சமன் செய்ய முடியுமா என்று கேட்டார்கள்" என்று எழுதியிருந்தாள். அவள் போட்டு ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.

மாப்பிள்ளையின் அம்மா மேடைக்கு ஏறினார். சத்தம் போடவில்லை. மாலையைச் சரி செய்கிற மாதிரி பெண்ணின் பின்னால் போய் நின்று, இடது தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நான் சீவிச் சீவி வைத்த பஞ்சு அமுங்கி உள்ளே போனது. கையை எடுத்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இது ஒனக்குத் தெரியுமா?" என்று மகனைக் கேட்டார்.

அவன் பெண்ணைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கீழே எழுந்து நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்தான். பிடித்திருந்த விரலை விட்டான்.

"தெரியாதும்மா" என்றான்.

போனில் காட்டினேனே என்று பெண் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் மானம் போயிருக்கும். அதைக்கூட அவள்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. மறுநாள் முகூர்த்தம் நடக்கவில்லை. ரெண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசினார்கள். மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்று பெண் வீட்டின் மேல்தான் குற்றம் விழுந்தது.

வரவேற்பு அன்றைக்கு ராத்திரி மணப்பெண் அறையில் பெண்ணின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்மா இப்படிப் பண்ணுன? எங்க புள்ள ஒன்ன என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டார். இவள் திகைத்துப்போய் நின்றாள். நடிப்பு இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"முகம் எங்கக்கா இருக்கு அதுல? பேரு எங்க இருக்கு? நீங்கதானே போடச் சொன்னீங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "முகத்தையே பாக்காதவ நீ, முகம் இல்லன்னு சொல்ல வாய் எப்படிடி வருது? ஊரையே முதுக வச்சு அடையாளம் சொல்லுவியே, மத்தவங்களுக்கு மட்டும் கண்ணு பொட்டையா?" என்று கத்தினேன். அதற்கும் அவள் பதில், "கல்யாணம் முடிஞ்சப்புறம் போட்டா யாருடி பாப்பா? மேடையில நிக்கிறப்ப போட்டாத்தான் ஓடும்." இதைச் சொல்லும்போது பெண் அந்த மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோ ஓடத்தான் செய்தது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று எங்கெங்கிருந்தோ தாய்மார்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போலியோ வந்த கால், தீக்காயக் கழுத்து, ஒட்டிப்போன விரல். பெஞ்சு போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் போனிலும் அந்தப் பழுப்புத் தாள் முதுகு. "இதே மாதிரி பண்ணிக் குடுங்க மேடம்." வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் நன்றாகத்தான் செய்து கொடுத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. வீடியோவை எடுக்கச் சொல்லி நான் தினமும் சண்டை போட்டேன். "இத்தன பொண்ணுங்க வந்திருக்கே, அது பாவமில்லையா? ஒருத்திக்காக எடுத்துரணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகப் பட்டதில்தான் அவள் மேல் இன்னும் எரிச்சல்.

சில மாதம் கழித்து, கிளிஞ்சல்மேட்டுப் பெண் தனியாக மாடிப்படி ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். பெஞ்சில் ஒரு அம்மாளும் அவர் மகளும் காத்துக்கொண்டிருந்தார்கள், வெளியூர்க்காரர்கள். பெண் யாரையும் பார்க்காமல் நேராக இவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். இவள் நிமிர்ந்து, வழக்கம்போலக் கழுத்துக்குக் கீழே பார்த்தாள்.

"எடை எறங்கிருச்சேம்மா. எலும்பு இன்னும் நல்லாத் தெரியுது."

"அக்கா, இன்னொரு எடத்துலேருந்து கேட்டு வர்றாங்க" என்றாள் பெண். குரல் எழும்பவில்லை. "இந்தத் தடவ எல்லார்ட்டயும் சொல்லித்தான் பேசுறோம். வீட்டுக்கு வந்து பாக்கட்டும், ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும். ஆனா அந்த வீடியோ மட்டும் வேணாங்க்கா. அதுல கீழ கண்டதையும் எழுதியிருக்காங்க. அவங்க அதப் பாத்துட்டு வரக் கூடாது. எடுத்துருங்க."

இவள் மறுக்கவில்லை. "அதுக்கென்னம்மா, எடுத்துட்டாப் போச்சு" என்று இதமாகச் சொல்லி, போனைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் களை வந்தது. நானும் பின்னறையிலிருந்து கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டேன்.

பெஞ்சில் இருந்த அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கிட்டே வந்தார்.

"மேடம், அந்த வீடியோவுல இருக்கிறது இந்தப் பொண்ணுதானா? எங்க புள்ளைக்கும் அச்சு அசல் இதே மாதிரிதான். அதப் பாத்துட்டுத்தான் வந்தோம்."

இவள் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. அழிக்கப்போன விரல் போன் மேலேயே நின்றது.

"ஆமாங்க, இவதான்" என்றாள். பிறகு பெண்ணிடம், சாதாரணமாக, "துப்பட்டாவ எடுத்துட்டு அப்படித் திரும்பி நில்லும்மா. அவங்க ஒரு தடவ பாத்துக்கட்டும், எடுத்துர்றேன்" என்றாள்.

பெண் அந்த விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் துப்பட்டாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள், அவர்கள் பார்த்து முடிக்கும் வரைக்கும்.